கோழிகளுக்குத் தெரிந்த ஸ்வெட்டர்

ஐஸ் பெட்டி உள்ளே நுழையவில்லை. வாசலிலிருந்து கூடம் வரைக்கும் நடையின் இரண்டு பக்கமும் யூனிஸ் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க மட்டும் வழி. பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன் பட்டன் ரோஜா இருந்த பெயின்ட் வாளியைக் காலால் ஒதுக்கினான்.

"காலால தள்ளாத. கை எதுக்கு இருக்குது?" என்றார் தாஸ்.

அவன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டான். சாவு வீட்டில் கிழவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவது அவனுக்குப் பழக்கம் போலிருந்தது.

தாஸ் குனிந்து தொட்டிகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் நெருக்கி வைத்தார். தொட்டி என்று பேர்தான். பெயின்ட் வாளி, கைப்பிடி போன குக்கர், மீன்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி. கோலார் சுரங்கத்தில் அவர் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிய தொப்பியில்கூட டேபிள் ரோஜா பூத்திருந்தது. அவரைக் கேட்காமலே அதில் ஓட்டை போட்டு மண்ணைக் கொட்டியிருந்தாள். மகன் நோயல் உதவிக்கு வந்தான். "நீ போய் உங்கம்மாகிட்ட நில்லு," என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த மாதிரிக் கூட்டத்தில்தான் நாலு தொட்டி காணாமல் போகும். பக்கத்து வீட்டு லாவண்யாவுக்கு அந்தப் பட்டன் ரோஜா மேல் ரொம்ப நாளாகக் கண்.

பெட்டி உள்ளே போனது. பிளக் மாட்டியதும் உர்ரென்று சத்தம் எழுந்தது.

"கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி இருக்குது சார். தாங்கும்."

"தாங்கும்னுதான் நீ சொல்லுவ."

கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. கையை எடுத்தபோது ஐந்து விரலும் கண்ணாடியில் பதிந்திருந்து மெல்ல மறைந்தன.

அன்றைக்குக் காலையில் யூனிஸ் கோழிக் கூண்டைத் திறக்கத்தான் பின்பக்கம் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கோழிகள் கத்தின. தினமும் கத்துவதுதான் என்று இருந்துவிட்டார். "அதுங்க வாயை மூடு யூனிஸு," என்று தினமும் சொல்வதையும் சொன்னார். கத்தல் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கூண்டு திறந்திருந்தது. கோழிகள் அவளைச் சுற்றி நின்று, நொய் ஏன் இன்னும் விழவில்லை என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹார்ட் அட்டாக் என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டர். ராத்திரி இரண்டு உருண்டை களி சாப்பிட்டவளுக்கு அது எங்கிருந்து வரும் என்று தாஸ் கேட்டார். டாக்டர் நோயலின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தாஸுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத பாஷையில் சொல்லப்படும் எதையும் அவர் நம்புவதில்லை.

சாயங்காலம் ஆக ஆக ஆட்கள் நிறைய வந்தார்கள். சுரங்கம் மூடியபோது கைக்கு வந்ததை வைத்து ஹெப்பகோடியில் இந்த இடத்தை அவர் வாங்கிய காலத்தில் சுற்றிலும் ராகிக் கொல்லை. இப்போது மூன்று பக்கமும் பிஜி ஹாஸ்டல் கட்டடங்கள், பால்கனிகளில் காயும் பனியன்கள். பின்பக்கத்து மண் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பந்தல்காரன் ஒரு நீள ட்யூப்லைட்டையும் கட்டிவிட்டுப் போயிருந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

கோழிகள் சுவரோரத்து முருங்கை மரத்தில் ஏறிவிட்டிருந்தன.

மொத்தம் நாலு. மார்த்தாள், மரியாள், லேயாள், எஸ்தர். பேர் வைத்தது யூனிஸ். எல்லாவற்றையும் அதிகாரம் பண்ணுகிற சிவப்புக் கோழி மார்த்தாள். ஒரு கண் மங்கலானது லேயாள். "வேதத்துல இருக்கற பொம்பளைங்க பேரையெல்லாம் குப்பை கிளறுற கோழிங்களுக்கு வெச்சிருக்கா," என்று தாஸ் ஒருமுறை பாஸ்டர் பீட்டரிடம் புகார் சொன்னார். பாஸ்டர் சிரித்துவிட்டு, நாலு முட்டை வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து பாஸ்டர் மேலேயும் தாஸுக்கு நம்பிக்கை குறைந்தது.

அவர் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

"பா... பா... பா..."

மார்த்தாள் கீழே பார்த்தது. இன்னும் ஒரு கிளை மேலே போய் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னாலேயே போயின. அவற்றைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் தொடப்பத்தோடு துரத்தி வந்த ஆள் திடீரென்று அரிசியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்.

அவருக்கு ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

அது நீல நிறத்தில், முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர். எலக்ட்ரானிக் சிட்டியில் அவர் வாட்ச்மேன் வேலை பார்த்தபோது கம்பெனி கொடுத்தது. இடது மார்பில் மஞ்சள் நூலில் செக்யூரிட்டி என்று தைத்திருக்கும். வேலையை விட்ட அன்று அதைச் சுருட்டி மூலையில் எறிந்தார். யூனிஸ் எடுத்துக்கொண்டாள். தலையணை உறையைக் கிழித்து வலது பக்கம் பெரிய பையாக ஒன்று வைத்துத் தைத்தாள், நொய் போட்டுக்கொள்ள. காலையில் கூண்டைத் திறக்கப் போகும்போதும் சாயங்காலம் அடைக்கப் போகும்போதும் அது அவள் மேல் இருக்கும், வெயில் காலமானாலும்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் குளோரியா அவளுக்கு ரோஸ் கலரில் புது ஜாக்கெட் ஒன்று, பளபளவென்று ஜிப் வைத்தது, வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு யூனிஸ் பின்பக்கம் போனாள். நாயைக் கண்டது போல நாலும் சிதறி ஓடின. ஒன்று லாவண்யா வீட்டுத் தகர ஷீட் மேல், ஒன்று முருங்கையில். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. உள்ளே வந்து பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனாள். ஒன்றுமே நடக்காதது போலக் காலடியில் வந்து நின்றன.

"என்னை யாருன்னே தெரியலயாம். இதைத்தான் தெரியுதாம்," என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அதுங்களுக்கு நீ யாரு? செக்யூரிட்டி," என்றார் தாஸ். அதற்கும் சிரித்தாள்.

மத்தியானம் பெண்கள் உடம்பைக் கழுவியபோது ஸ்வெட்டரைக் கழற்றிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியதை அவர் பார்த்திருந்தார். இப்போது போய்ப் பார்த்தால் ஆணியில் வெறும் காய்கறிப் பை தொங்கியது.

"இங்க இருந்த ஸ்வெட்டர் எங்க?"

குளோரியா அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பொம்மனஹள்ளியில் தையல் கம்பெனி சூப்பர்வைசர். வேலைக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

"அம்மாவுக்குப் போட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"அந்தப் பெட்டிக்குள்ள எவ்ளோ சில்லுனு இருக்குது, பாத்தியா? ஒரு தூறல் போட்டாலே காதுல பஞ்சு வெச்சுக்கறவங்க நைனா அவங்க." முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

அவர் கூடத்துக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெள்ளைச் சேலையின் மேல் நீல ஸ்வெட்டர். கை விறைத்துவிட்டதால் நுழைக்க முடியாமல் குளோரியா அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திப் பட்டனை மட்டும் போட்டிருந்தாள். செக்யூரிட்டி என்ற எழுத்து நெஞ்சுக்கு நடுவில் வந்திருந்தது. குளிருக்கு அடக்கமாகத் தூங்குகிறவள் மாதிரிதான் யூனிஸ் இருந்தாள். ஸ்வெட்டரைக் கேட்காமலே திரும்பினார்.

பின்பக்கம் வந்து, கூண்டின் கதவைத் திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மரத்தில் நாலு உருண்டைகள் தெரிந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

*

விடிந்ததும் லாவண்யா கையில் எதையோ வைத்துக்கொண்டு பின் சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். கரும்புள்ளி போட்ட இறகுகள்.

"அங்கிள், சாக்கடை மோரிகிட்ட இருந்துச்சு. பெக்கு புடிச்சிருக்கும். ஒரு பெரிய கண்டன் பூனை சுத்துது நம்ம ரோட்ல."

தாஸ் இறகை வாங்கிப் பார்த்தார். லேயாள். மங்கின கண் இருந்த பக்கமாக வந்திருக்கும்.

"மிச்சம் மூணும் நம்ம ஷீட் மேல இருக்கு. நான் கூப்டேன், வரல. ஆண்ட்டி இல்லாம அதுக்குத் தலை கெட்டுப் போச்சு, பாவம்." சமையலறைப் பக்கம் திரும்பினாள். "காபி தரட்டா?"

"வேணாம்."

"நேத்துலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலன்னு..."

"வேணாம்னு சொல்றேன் இல்ல?"

தலை சுவருக்குப் பின்னால் இறங்கியது. அவர் இறகுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோஜா வாளி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். இருந்தது.

நோயல் அவரைத் தேடிக்கொண்டு வந்தான். அவனுக்கு மல்லேஸ்வரத்தில் ஏழாவது மாடியில் வீடு. ராத்திரி முழுக்கப் போனில் பேசிப் பேசிக் குரல் கட்டியிருந்தது.

"நைனா, மூணு மணிக்கு எடுக்கறோம். பாஸ்டர் நேரா கல்லறைத் தோட்டத்துக்கு வந்துடுவாரு. அப்புறம்..." துவைக்கிற கல்லில் உட்காரப் போனவன் என்ன நினைத்தானோ, நின்றுகொண்டான். "நாளைக்கு நீ என்னோட வந்துடு. துணிமணி மட்டும் எடுத்துக்க. வீட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் எங்கயும் வரல."

"இங்க இருந்து என்ன பண்ணுவ?"

"கோழி இருக்குது. செடி இருக்குது."

நோயல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"கோழிய கறிக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வலையோட வந்து புடிச்சிக்கறேன்னாரு. செடிங்கள சர்ச்சுக்குக் குடுத்துடலாம், நல்லா பாத்துப்பாங்க."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? என்னிக்காவது ஒரு நாள் அதுங்களுக்கு நீ தண்ணி வெச்சிருக்கியா? கழுத்த திருகிப் போடறேன், கழுத்த திருகிப் போடறேன்னு அம்மாகிட்ட கத்திக்கினே இருந்தவன் நீ. நேத்து கூப்டியே, ஒண்ணு இறங்கி வந்துச்சா?"

தாஸ் லாவண்யா வீட்டு ஷீட்டைப் பார்த்தார்.

"விட்டா இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு பூனை தின்னுட்டுப் போகும். அது பாவம் இல்லையா? யாருக்காக நீ இங்க ஒத்தையில உக்காந்துக்கினு இருக்கப் போற?"

"இன்னிக்கு சாயங்காலம் அதுங்க கூண்டுக்கு வரும்."

"வரலன்னா?"

"வரலன்னா நீ சொல்ற இடத்துக்கு வரேன். ஏழாவது மாடில கொண்டுபோய் வெச்சுக்க."

நோயல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சரி நைனா. வந்தா பாக்கலாம்." வராது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

தாஸ் மகளைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். சவப்பெட்டி வந்துவிட்டிருந்தது. உடம்பை அதில் மாற்றி, குளோரியா தலைமாட்டில் உட்கார்ந்து மாலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். சுற்றிலும் சர்ச்சுப் பெண்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தார். தனி என்று ஒரு இடம் அந்த வீட்டில் அன்றைக்கு இல்லை.

"குளோரியா, அந்த ஸ்வெட்டரை எடுத்துடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதை?"

"உங்கம்மா மேல இருக்கறதை."

"எதுக்கு?"

"வேணும்."

"என்ன நைனா பேசற? அவங்க மேல இருக்கறதை எடுத்து நீ போட்டுக்கப் போறியா?"

கோழிக்கு வேணும் என்பது நாக்கு வரைக்கும் வந்தது. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அவர் அந்தக் கோழிகளைத் திட்டுவது அந்தத் தெருவுக்கே கேட்கும். வந்த வார்த்தை அங்கேயே நின்று, வேறு ஒன்று வெளியே வந்தது.

"அது என்னுது."

கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். குளோரியாவின் கை மாலையிலேயே நின்றுவிட்டது.

"ஆமா, உன்னுதுதான்," என்றாள் மெதுவாக. "புதுசா ஒண்ணு அவங்களுக்கு நீ என்னிக்காவது வாங்கிக் குடுத்திருக்கியா? நீ வேணாம்னு வீசினதைத்தானே இத்தனை வருஷமா போட்டுக்கினு இருந்தாங்க. அதையும் புடுங்கிக்கணுமா உனக்கு?"

அவர் திரும்பி வந்து பின்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். லாவண்யா வீட்டு ஷீட்டின் மேல் எஸ்தர் நடந்தது. வெள்ளைக் கோழி. நகம் தகரத்தில் கிரிச் கிரிச் என்று கேட்டது.

*

கல்லறைத் தோட்டத்தில் குழியைத் தோண்டியவர்கள் ஒரு ஓரமாகப் போய் நின்று பீடி பற்ற வைத்திருந்தார்கள். குழியை தாஸ் எட்டிப் பார்த்தார். பக்கவாட்டு மண் சரியாக இருந்தது. அது ஒன்றைத்தான் அவருக்குப் பார்த்தவுடன் சொல்லத் தெரியும்.

பாஸ்டர் பீட்டர் ஜெபம் செய்தார். யூனிஸ் முட்டை கொடுத்ததையும் பலிபீடத்துக்குப் பூ கொண்டுவந்ததையும் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார். தாஸின் கண் மேற்குப் பக்கமே இருந்தது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சீக்கிரம் இருட்டும். இருட்டிவிட்டால் கோழி இருக்கிற இடத்தை விட்டு நகராது.

"கடைசியா முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க," என்றார் பெட்டிக்காரர்.

ஒவ்வொருவராக வந்து போனார்கள். நோயல் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு விலகினான். குளோரியாவை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியாகத் தாஸ் போனார். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் குனிந்து ஸ்வெட்டரின் மேல் பட்டனைக் கழற்றினார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது பட்டனில் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "நைனா," என்றான் நோயல் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேணாம். எல்லாரும் பாக்கறாங்க." அவர் நிறுத்தவில்லை. மூன்றாவது பட்டன் வேறு கலர். எப்போதோ தெறித்துப் போனதற்குப் பதிலாக அவருடைய பழைய சட்டையிலிருந்து எடுத்து அவள் தைத்தது. ஓட்டை இறுக்கமாக இருந்ததால் நேரம் பிடித்தது. அவருடைய விரல் பாறையும் மரமும் பிடித்த விரல், சின்ன வேலைக்கு ஆகாது.

இடது கையை அவள் தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். கனமாக இருந்தது, ஈரத் துணி சுற்றிய கல் மாதிரி. வலது கையால் ஸ்வெட்டரைத் தோளுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். தலை தட்டாமல் மெதுவாக இறக்கி வைத்தார். மயிர் கொஞ்சம் கலைந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டார்.

கழுத்தில் சுற்றியிருந்த தன் மஃப்ளரை அவிழ்த்து அவள் கழுத்தையும் காதையும் சேர்த்துப் போர்த்தி, முனையைத் தாடைக்கு அடியில் செருகினார்.

"மூடுங்க," என்றார்.

ஸ்வெட்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். குளோரியா அவரைப் பார்க்கவில்லை. "இப்படியும் ஒரு மனுஷன்," என்று பின்னால் ஒரு பெண் சொன்னது கேட்டது. மூன்று பிடி மண்ணை அவரும் போட்டார். மண் நனைந்திருந்தது. கையைத் தட்டிவிட்டு வண்டியில் போய் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது ஹோசூர் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. கம்பெனிகள் விட்டு, பஸ்கள் எல்லாம் கிளம்பியிருந்தன. மேம்பாலத்துக்கு அடியில் வரிசை அப்படியே நின்றது. தாஸ் ஜன்னலை இறக்கி மேலே பார்ப்பதும், ஏற்றுவதுமாக இருந்தார்.

"சந்துல உட்டுத் திருப்பு," என்றார் டிரைவரிடம்.

"சந்துலயும் ஜாம்தான் தாத்தா. என்ன அவசரம், எல்லாம் முடிஞ்சிச்சு இல்ல?"

பின் சீட்டில் குளோரியா ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நோயல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கக்கத்தில் இருந்த ஸ்வெட்டரில் ஐஸ் பெட்டியின் சில்லிப்பு இன்னும் போகவில்லை. சட்டையைத் தாண்டி விலா வரைக்கும் வந்தது.

ஹெப்பகோடி திருப்பம் வந்ததும் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டார்.

*

நடையில் மண் ஈரமாக இருந்தது. நின்று பார்த்தார். எல்லாத் தொட்டிகளுக்கும் யாரோ தண்ணீர் விட்டிருந்தார்கள். சுரங்கத் தொப்பியின் ஓட்டையிலிருந்து இன்னும் சொட்டியது. எது குறைகிறது என்று வரிசையை ஒருமுறை கண்ணால் அளந்தார். எதுவும் குறையவில்லை. லாவண்யா வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சர்ச்சிலிருந்து வந்த சாம்பார் சாதத்தைக் கூடத்தில் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். அவரைக் கூப்பிட்டவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பின்கதவைத் திறந்தார். பந்தல்காரனின் ட்யூப்லைட்டை யாரோ ஏற்கனவே போட்டிருந்தார்கள். மூன்று கோழியும் முருங்கையில், கீழ்க் கிளையில் இருந்தன. இன்னும் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தன. நேரம் இருந்தது, கொஞ்சம்.

ஸ்வெட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. துவைத்துத் துவைத்துச் சுருங்கி, முழங்கை இருந்த இடம் அவருடைய முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. பட்டன் எட்டவில்லை. யூனிஸ் குட்டையானவள். அவர் நிமிர்ந்து நின்றால் மரத்தில் இருக்கிறவற்றுக்கு அது வேறு ஆள்தான். கூண்டுக்குப் பக்கத்தில் அவள் உட்காருகிற காலிப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகை வளைத்து உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. அவர் குரலைக் கேட்டால் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

உட்கார்ந்தே இருந்தார்.

பிஜி பால்கனியில் ஒருவன் போனில் ஹிந்தியில் பேசிக்கொண்டே கீழே பார்த்தான். சின்ன ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாளி மேல் கூனி உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்து என்ன நினைத்தானோ, உள்ளே போய்விட்டான்.

மார்த்தாள்தான் முதலில் இறங்கியது. தொப்பென்று குதித்து, நாலடி தள்ளி நின்று அவரை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. முகத்தைப் பார்த்ததும் பின்னுக்குப் போனது. அவர் முகத்தைக் குனிந்துகொண்டார். இரண்டு அடி வந்தது. ஸ்வெட்டரின் விளிம்பைக் கொத்திப் பார்த்தது. க்கொக் என்று தொண்டைக்குள் ஒரு சத்தம். அதைக் கேட்டு மரியாளும் இறங்கியது.

எஸ்தர் வரவில்லை. அது ட்யூப்லைட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. கழுத்தை நீட்டுவதும் வெளிச்சத்தில் கூசிப் பின்வாங்குவதுமாக இருந்தது. வானத்தில் மிச்சம் இருந்த வெளுப்பும் போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்தால் மற்ற இரண்டும் ஓடிவிடும். எழ முடியாது. கூப்பிடவும் முடியாது.

பின்கதவில் நிழல் விழுந்தது. குளோரியா, கையில் சாப்பாட்டுத் தட்டோடு. ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. காலையில் சொல்லாமல் மிச்சம் வைத்ததாக இருக்கும். சொல்லட்டும் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்த்தாள். வாளியை, ஸ்வெட்டரை, அவர் முழங்காலை உரசிக்கொண்டு நின்ற மார்த்தாளை. பிறகு மரத்தில் இருந்த எஸ்தரை.

தட்டைத் துவைக்கிற கல்லில் சத்தமில்லாமல் வைத்தாள். உள்ளே கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

வெளிச்சம் போனது. சாயங்காலத்தின் சாம்பல் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் எஸ்தர் வெள்ளையாக ஒரு கோடு போல இறங்கி, அவர் காலடிக்கு வந்து நின்றது.

மூன்றும் அண்ணாந்து அவர் வலது கையைப் பார்த்தன. எதற்கு என்று அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு கையைத் தலையணை உறைப் பைக்குள் விட்டார். நேற்றுக் காலையில் அவள் எடுத்துப் போட்ட நொய் அப்படியே இருந்தது. குளிர்ந்திருந்தது. ஒரு பிடி எடுத்துக் கூண்டின் வாசலில் போட்டார். தின்றுகொண்டே உள்ளே போயின. இன்னொரு பிடியை உள்ளே தூவினார். கதவைச் சாத்திக் கம்பியை மாட்டினார். கம்பி எப்படி மாட்டுவது என்று கை கொஞ்சம் தேடியது.

உள்ளேயிருந்து நோயல், "நைனா எங்க?" என்று கேட்டான்.

"இங்கதான் இருக்காரு," என்றாள் குளோரியா. "கோழி அடைக்கறாரு."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவை மூடவில்லை.

தாஸ் மறுபடியும் வாளி மேல் உட்கார்ந்தார். தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் மார்த்தாள் இடத்துக்காக யாரையோ கொத்தியது. அடங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று நினைத்தார். கழற்றவில்லை. கை பையிலேயே இருந்தது. அடித் தையலின் மூலையில் நாலைந்து நொய் விரல் நுனியில் தட்டுப்பட்டது. அதை அவர் எடுக்கவில்லை.